மூன்றாவது நடை

பயம் என்பதையே அறியாதவன் என் தம்பி. அந்த ஒரு வரியில்தான் காலையிலிருந்து சவரிராயனின் மனசு போய்ப் போய் மாட்டிக்கொண்டது, வேலி முள்ளில் வேட்டி மாட்டுகிற மாதிரி. எடுத்துவிட்டு நாலடி நடந்தால் மறுபடியும் மாட்டுகிறது. பெங்களூர் கன்டோன்மென்ட்டில், ஊருக்கு வரும் வெள்ளைக்கார விருந்தாளிகளைப் பாதிரிமார் தங்கவைக்கிற பங்களாவின் முன் வராந்தாவில், பிரம்பு நாற்காலியின் விளிம்பில் அவர் உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸம்மா கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார், பத்து நிமிஷம் இருக்கச் சொன்னார் என்று பட்லர் சொல்லிவிட்டுப் போய் அரைமணி ஆகிவிட்டது. இருக்கச் சொன்னால் இருக்கலாம், அதில் என்ன. எட்டு வருஷமாக இருந்தாயிற்று. மடியில் அந்தக் காகிதக் கட்டு, மிஸ் ஹார்ட்னல் போன வாரம் கடிதத்தோடு அனுப்பியது, டைப் அடித்த இருபது பக்கம். காலஞ்சென்ற மேஜர் எட்மண்ட் ஹார்ட்னலின் வாழ்க்கை வரலாறு, முதல் அத்தியாயம், எழுதியவர் அவருடைய தமக்கை. ஆறு வயதில் தோட்டச் சுவரிலிருந்து குதித்தது, ஒன்பது வயதில் ஆற்றில் விழுந்த நாயைக் கரைசேர்த்தது, இருபத்திரண்டு வயதில் தென் ஆப்பிரிக்காவில் போயர்களோடு நடந்த சண்டையில் காயம்பட்டவனைத் தோளில் தூக்கிவந்து மெடல் வாங்கியது, பிறகு எல்லைப்புறத்து ஆறுகளுக்கெல்லாம் பாலம் போட்டது. எல்லாம் நிஜமாகத்தான் இருக்கும். ஏன் இருக்காது. மேஜர் அப்படிப்பட்ட மனிதர்தான், பெரிய சண்டைக்காகப் பாஸ்ராவில் கப்பல் இறங்கியபோது அப்படித்தான் இருந்தார். சவரிராயன் காலரைத் தளர்த்தினார். ஈஸ்டருக்குப் பிறகு பெட்டியைவிட்டு வெளியே வராத கோட்டு, கழுத்தை அரித்தது. காலையில் அதற்கு இஸ்திரி போட்டுக்கொடுத்த மனைவி ராயம்மாள், “எதுக்கு இப்படி அறைக்குள்ளயே நடந்துக்கிட்டிருக்கீங்க? செத்துப்போன மனுஷரைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டு வரப்போறீங்க, அவ்வளவுதானே?” என்றாள். அவ்வளவுதான். அவர் வேலைபார்க்கும் பட்டாளத்து ஆபீசில் ஹெட் கிளார்க் கனகசபை முதலியாரும் அதையே வேறு விதமாகச் சொல்லியிருந்தார். “பேப்பர்ல என்ன இருக்கோ அதைச் சொல்லிட்டு வாரும். அதுக்கு மேலே ஒரு வார்த்தை வேண்டாம். அந்த அம்மா சீமையிலேர்ந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறது அழறதுக்கு இல்லை.” மேஜரின் சாவைப் பற்றிப் பட்டாளத்துப் பேப்பரில் இருப்பது எப்படி வந்தது என்று முதலியாருக்குத் தெரியாது. சவரிராயனுக்குத் தெரியும். டைப் அடித்தது அவர்தான்.

வராந்தா ஓரத்து ஜெரேனியம் தொட்டிகளுக்குத் தோட்டக்காரர் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், ஈரமண் வாசனை மூக்கில் ஏறியது, ஏறின கையோடு பாஸ்ராவுக்கு மேலே அந்தச் சண்டைக்காலத்து ஆறு நினைவில் வந்துவிட்டது. எத்தனை தடவை இப்படி. குழாயடியில், மழையில், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தீர்த்தம் தொடும்போதுகூட. அந்த ஆற்றின் கரைச்சேறு நம்மூர்ச் சேறு மாதிரி இல்லை, சோப்பு மாதிரி வழுக்கும், பூட்ஸைப் பிடித்தால் விடாது. பிப்ரவரி மாதம், விடிந்து கொஞ்சநேரம், ஆற்றின் மேலே பனிமூட்டம். அக்கரையில் துருக்கியர். இக்கரையில் இவர்களுடைய சாப்பர் கம்பெனி. சண்டை போடுகிற சிப்பாய்களை மிதவைப் படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பது, பிறகு பாலம் கட்டுவது, இதுதான் வேலை. முதல் படகில் மேஜர் போகவேண்டும். கம்பெனி ரைட்டரான சவரிராயன் செய்திப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேஜர் கூடவே போகவேண்டும். சிப்பாய்களுக்குச் சற்று மேல்படியான நாயக் ஏகாம்பரம் கரையிலேயே நின்று கயிறு கட்டிய முளையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். இப்படித்தான் உத்தரவு, முந்தின நாள் சாயங்காலம் அதையும் டைப் அடித்தது அவர்தான். மேஜர் கரைச்சரிவில் நாணல் பக்கம் இறங்கினார், உட்கார்ந்தார். பூட்ஸில் ஏதோ சரிசெய்கிறார் என்று நினைத்தார் சவரிராயன். மேஜர் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளும் முழங்காலின்மேல் ஆடிக்கொண்டிருந்தன, வேறு யாருடைய கைகளோ போல. டிசம்பரில் ஒரு பாலத்தின்மேல் குண்டு விழுந்து கண்ணெதிரே பதினோரு பேர் தண்ணீரோடு போனார்களே, அதிலிருந்துதான் அப்படி, ஆனால் அன்றைக்குத்தான் சவரிராயன் பார்த்தார். சார், படகு தயார் என்றார். மேஜர் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்த அத்தியாயத்தில் எழுதுவது. படகில் சிப்பாய்கள் காத்திருக்கிறார்கள், பனி கலைந்துகொண்டிருக்கிறது, கலைந்துவிட்டால் அக்கரையிலிருந்து எல்லாம் தெரியும். அப்போது ஏகாம்பரம் முளையை விட்டுவிட்டு வந்தான். ஒரு பார்வைதான். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் போய்ப் படகில் ஏறித் தள்ளச் சொன்னான். ஒரு நாயக்குக்கு யார் அந்த அதிகாரம் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. ஒரு நடை போய் ஆட்களை இறக்கிவிட்டு வந்தான். இரண்டாவது நடை போய்விட்டு வந்தான், அதற்குள் சூரியன் வந்துவிட்டது, தண்ணீரில் குண்டுகள் ஆலங்கட்டி மாதிரி விழுந்தன. மூன்றாவது நடைக்கு முன்னால்... சவரிராயன் எழுந்து நின்றார். தோட்டக்காரர் திரும்பிப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். மூன்றாவது நடையை நினைக்கவேண்டாம், இப்போது வேண்டாம், அதை நினைத்தால் அந்தக் கேள்வியையும் நினைக்கவேண்டும்.

அதைவிட்டு டைப் மெஷினுக்குப் போனது மனசு, அதுவும் நல்ல இடமில்லை. அன்று மத்தியானம், கூடாரத்துக்குள் காகிதமெல்லாம் மணல். அட்ஜுடண்ட் கேப்டன் லோரிமர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நடந்தபடி சொல்லச்சொல்ல இவர் அடிக்கிறார். மேஜர் ஹார்ட்னல் முதல் படகைத் தாமே நடத்திச் சென்று, அக்கரை சேரும் தறுவாயில் குண்டுபட்டு, அந்த க்ஷணமே வீரமரணம் அடைந்தார். முற்றுப்புள்ளி. லோரிமர் கெட்டவர் இல்லை. உத்தரவில் இருந்தபடி நடந்தது என்றே எடுத்துக்கொண்டார், நன்றாக எழுதுவது செத்த மனிதருக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தார், நாமும் அப்படித்தானே நினைத்தோம், நினைத்தோமா? முதல் இரண்டு நடையில் போனவர்கள் வேறு பட்டாளத்துக்காரர்கள், மேஜரைத் தெரியாதவர்கள், அவர்களிலும் சாயங்காலம்வரை இருந்தவர்கள் கொஞ்சம்தான். துடுப்பு போட்டவர்களில் ஒருவனும் மிஞ்சவில்லை. பார்த்தவர் என்று இருந்தது சவரிராயன் ஒருவர். அங்கேதான் சிக்கல். முதல் படகை நடத்தியது மேஜர் என்றால், ஏகாம்பரம் எங்கே? லோரிமர் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டார், “இந்த நாயக்கைக் கரையில்தானே போட்டிருந்தோம்? முளையடியில் அவன் இல்லை என்று சொல்கிறார்களே. பிணமும் கிடைக்கவில்லை. நீ பார்த்தாயா?” கேட்டார். கேட்கவில்லை என்று சொல்லவே முடியாது. நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டார். ஒரு வார்த்தை சொன்னால் மேஜரின் கதை அவிழ்ந்துவிடும், அது அவிழ்ந்தால், நீ அப்போது எங்கே இருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். இல்லை சார் என்றார். லோரிமர் சலிப்போடு சொன்னார், இவர் அடித்தார்: நியமித்த இடத்தைவிட்டு நீங்கியவன். காணவில்லை. ஓடிப்போயிருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஒரு பொய் சும்மா நிற்காது, நிற்க இடம் வேண்டுமென்று பக்கத்தில் இருப்பவனைத் தள்ளிவிடும். ஓடிப்போக அங்கே எங்கே இடம், நாலு பக்கமும் வெட்டவெளி. ஆனாலும் அச்சில் பார்த்தால் நம்பத்தான் தோன்றியது.

அவளும் நம்பினாள். நம்பவில்லை. ஏதோ ஒன்று. ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஆரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரயிலேறி விசாரித்து விசாரித்து ஆபீசுக்கே வந்துவிட்டாள் ஏகாம்பரத்தின் மனைவி முனியம்மா. அதற்குள் பட்டாளத்தைவிட்டு வந்து அதே ஆபீசில் கிளார்க்காக உட்கார்ந்திருந்த சவரிராயனின் மேசைக்கு எதிரேதான் வந்து நின்றாள். எத்தனையோ மேசை இருக்க. அழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, சந்தையில் விலை கேட்கிறவள் போலத்தான் கேட்டாள். “ஊர்ல ஓடிப்பூட்டவன் பொண்டாட்டின்றாங்க. கெணத்தாண்ட போனா நவுந்து நிக்கிறாங்க. ஓடியிருந்தா எங்கனா ஒரு எடத்துல உசுரோட கீறார்னு அர்த்தம், அதுவும் எனக்கு நல்லதுதான். நெசமா சொல்லுங்கய்யா, ஓடிப்பூட்டாரா?” ஃபைலைப் பிரித்து, எட்டு வார்த்தைகூட இல்லாத அந்த வரியை, தாமே அடித்த வரியை, முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்து, “பேப்பர்ல அப்படித்தாம்மா இருக்கு” என்றார். “நீங்க அங்க இருந்தீங்களா?” என்றாள். “இல்லை” என்றார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். எதற்குக் கும்பிட்டாள்? அந்தக் கும்பிடைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால். வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்திருந்தாள் போல, குனிந்து போட்டுக்கொண்டு, கடைத்தெருப் பக்கம் போகிறதா ஸ்டேஷன் பக்கம் போகிறதா என்று தெரியாமல் கொஞ்சநேரம் வெயிலில் நின்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். வழிகூடச் சொல்லவில்லை.

“மிஸ்டர் சவரிராயன்?” கதவைத் திறந்துகொண்டு வந்தவர் உயரமான, எலும்பும் தோலுமான அம்மாள், ஐம்பதைத் தாண்டியிருக்கும், மேஜரின் அதே நீண்ட தாடை. அந்தத் தாடையைப் பார்த்ததும் சவரிராயன் தயார் செய்து வைத்திருந்த முதல் வாக்கியம் எங்கோ விழுந்துவிட்டது. அந்த அம்மாள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். சீமை ஆங்கிலம், ஆனால் நிதானமாகப் பேசினார். “காக்கவைத்ததற்கு மன்னியுங்கள். உள்ளே கடிதமெல்லாம் எழுதவில்லை. உங்களைப் பார்க்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.” சவரிராயன் காகிதக் கட்டை மடியில் நேராக வைத்தார். “நான் அனுப்பியதைப் படித்தீர்களா?” படித்தேன் மேடம், மிக நன்றாக இருக்கிறது. “நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை,” என்றார் அந்த அம்மாள். மடியிலிருந்த புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். பென்சிலில் எழுதியது. எழுத்து வரிக்கு வரி ஆடியிருந்தது. “இது எட்மண்டின் கடைசிக் கடிதம். அம்மாவுக்குக்கூட நான் காட்டவில்லை. நீங்கள் பேசுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.”

அக்கா, டிசம்பரிலிருந்து என் கைகள் என் பேச்சைக் கேட்பதில்லை என்று தொடங்கியது. இதற்கு மேல் ஒருநாள்கூட என்னால் முடியாது, ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாயில்லை. இங்கே யாருக்கும் தெரியாது, ஒருவனைத் தவிர. ஏகாம்பரம் என்று ஒரு நாயக். காலையில் என் பூட்ஸ் கயிற்றை அவன் கட்டிவிடுகிறான், ஏதோ தினசரி வழக்கம் போல, என் கையைப் பார்க்காமலே. அவனுக்கு ஆங்கிலம் வராது. அவனுக்கு நான் என்றென்றும் கடன்பட்டவன். சவரிராயன் இரண்டு தடவை படித்தார். பூட்ஸ் கயிறு. இத்தனை வருஷத்தில் அவருக்கே தெரியாத விஷயம். தோட்டக்காரர் காலி வாளியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். “இறந்தவர்கள் பட்டியலில் இந்தப் பெயர் இல்லை,” என்றார் மிஸ் ஹார்ட்னல். “பிழைத்தவர்கள் பட்டியலிலும் இல்லை. யார் இவர்?”

பேப்பரில் இருப்பதை மட்டும் சொல்லும், அதற்கு மேலே ஒரு வார்த்தை வேண்டாம். முதலியாரின் குரல் கேட்டது, ஆனால் தெருமுனையில் யாரோ யாரையோ கூப்பிடுவது போலக் கேட்டது. வேலை போகும். போகலாம். ராயம்மாள் என்ன சொல்வாள். மேஜர் மேல் சேறு விழும், அந்த அம்மாள் முகத்துக்கு நேரே. வாயைத் திறந்தால் நிறுத்தமுடியாது என்று தெரிந்தது, தெரிந்தே திறந்தார். உத்தரவைச் சொன்னார், நாணலைச் சொன்னார், உட்கார்ந்ததைச் சொன்னார். அந்த அம்மாள் இமைக்காமல் கேட்டார். முதல் நடை, இரண்டாவது நடை. “அப்புறம் ஏகாம்பரம் சரிவில் ஏறி எங்களிடம் வந்தான் மேடம். அவன் திரும்பப் போகவேண்டிய அவசியமே இல்லை. கரைக்கு மேலே வேறு நாயக் இருந்தான், கூப்பிட்டால் வருவான். ஆனால் நேரம் ஆகிவிட்டது, மேஜர் அங்கே உட்கார்ந்திருப்பதை யாராவது பெரிய அதிகாரி பார்த்துவிட்டால் கோர்ட் மார்ஷல், அது அவனுக்குத் தெரியும். மேஜர் முன்னால் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினான். மேஜர், ஆழமா என்று கேட்டார். இங்கிலீஷில்தான் கேட்டார், ஒரு குழந்தை கேட்கிறது போல. அவனுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. நான் கீறேன் தொரே, வாங்க என்றான்.”

“அது என்ன மொழி? என்ன அர்த்தம்?”

“எங்கள் தமிழ்தான் மேடம், ஆரணிப் பக்கத்துத் தமிழ். நான் இருக்கிறேன், வாருங்கள் என்று அர்த்தம்.”

“எட்மண்ட் போனானா?”

“போனார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்ப் படகில் ஏறினார். கை ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் ஏறினார், மேடம். அது என் கண்ணால் கண்டது.” பாதி ஆற்றில் குண்டு பட்டது. மேஜர்தான் முதலில் சாய்ந்தார். க்ஷணத்தில் போகவில்லை, கொஞ்சநேரம் ஆயிற்று. எவ்வளவு என்று அந்த அம்மாள் கேட்டபோது, ஜபமாலையில் பத்து மணி உருட்டுகிற நேரம் என்றார், கரையில் நின்ற சவரிராயன் அப்போது ஜபம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் தண்ணீரில் குதித்திருக்கலாம், நீச்சல் தெரிந்தவன். குதிக்கவில்லை. குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தான், அப்புறம் அவனும் விழுந்தான், விழுந்தவன் தண்ணீருக்குள் போனான். படகு கீழே ஒரு மைலில் கரை ஒதுங்கியபோது மேஜரின் தலைக்கடியில் ஒரு தலைப்பாகைத் துணி மடித்து வைத்திருந்தது. யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை. அட்ஜுடண்ட் கேட்டதையும், டைப் அடித்ததையும், முனியம்மா வந்ததையும் சொன்னார். முடிந்துவிட்டது என்று மூச்சு விட்டார். முடியவில்லை. அந்த அம்மாளின் கண்கள் அவர் முகத்தைவிட்டு நகரவில்லை. குற்றம் சாட்டுகிற கண்கள் இல்லை, அதனால்தான் தாங்கமுடியவில்லை.

“ஏன் சொல்லவில்லை?” என்றார் மிஸ் ஹார்ட்னல்.

“அவன் என்னையும் கேட்டான், மேடம்.” காலரை மறுபடி தளர்த்தினார். “மேஜரை எழுப்பி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான். ரைட்டர் சார், நீங்களும் வரீங்களா என்றான். நான் மேஜர் கூடப் போகவேண்டியவன். அதுதான் என் உத்தரவு. அவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, எழுந்திருக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அவருடைய பயத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். அவன் கேட்டபோது செய்திப் புத்தகத்தைக் குனிந்து பார்த்து, எழுதுகிற மாதிரி இருந்தேன். அதில் ஒன்றுமே எழுதவில்லை. கொஞ்சம் நின்று பார்த்தான். சரி என்று போய்விட்டான்.” எட்டு வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட வேறு பாவங்களைத்தான் வரிசையாகச் சொல்லிவந்தார். சொன்ன பிறகு லேசாகும் என்று எதிர்பார்த்தார். ஆகவில்லை. காலர் அரிப்புகூட அப்படியே இருந்தது.

பிறகு அந்த அம்மாள் காகிதக் கட்டை வாங்கி, பயம் அறியாதவன் என்ற அந்த வரி இருக்கும் பக்கத்தை எடுத்து, பேனாவைத் திறந்து, திறந்தபடியே வைத்திருந்தார். “இந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் இந்த வரியை எழுதினேன்,” என்றார். “தெரிந்தேதான் எழுதினேன். அம்மாவுக்கு எண்பத்துநான்கு வயது. அவர் இருக்கும்வரை இதை அச்சில் போட எனக்குத் தைரியம் வருமா என்று தெரியவில்லை. வரும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன்.” கொடுக்காததே சவரிராயனுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்த அம்மாள் அந்த வரியை அடித்தார், இரண்டு கோடு போட்டு அடித்தார். பிறகு தம்பியின் கடிதத்தை மடித்து ஒரு உறையில் போட்டு நீட்டினார். “இதை எடுத்துப் போங்கள். உங்கள் ஆபீசுக்கு இது வேண்டியிருக்கும். மூலத்தையே கொடுக்கிறேன், நகலென்றால் நம்பமாட்டார்கள். நீங்கள் வாக்குமூலம் எழுதிக் கொடுங்கள், என் கடிதம் சாயங்காலமே போகும்.” படியிறங்கும்போது கூப்பிட்டுக் கேட்டார், “அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?” தெரியாது மேடம் என்றார். “அப்படியானால் காகிதம் போதாது,” என்றார் மிஸ் ஹார்ட்னல், கதவைப் பிடித்துக்கொண்டு.

போதாதுதான். ஆபீஸ் இடது பக்கம், ஸ்டேஷன் வலது பக்கம். ஆபீசுக்குப் போனால் முதலியார், அவருக்கு மேலே ஒரு கேப்டன், அங்கிருந்து சிம்லாவோ லண்டனோ, ஆறு மாசம், ஒரு வருஷம், காகிதம் மேசை மேசையாக ஊர்ந்து ஒருநாள் வரி மாறலாம், மாறாமலும் போகலாம். கிணற்றடியில் அதுவரை நகர்ந்து நிற்பார்கள். கால்கள் வலது பக்கம் நடந்தன. அவர் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை, அவை நடந்தன. தெருமுனைத் தபாலாபீசில் நின்று, ஆரணிவரை போய்வருகிறேன், நாளை மறுநாள் வருவேன், பயப்படாதே என்று ராயம்மாளுக்குக் கார்டு எழுதிப் போட்டார். பயப்படாதே என்பதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். மத்தியான வண்டி வந்தது. காட்பாடியில் இறங்கி வண்டி மாறவேண்டும், பிறகு கட்டைவண்டியோ நடையோ. ஜன்னலோரம் இடம் கிடைத்தது, எதிரே ஒரு மார்வாடிக் குடும்பம் சாப்பாட்டை அவிழ்த்தது, கரிப்புகை கண்ணில் விழுந்தது. என்ன சொல்லித் தொடங்குவது. அம்மா, உங்க வீட்டுக்காரர் ஓடிப்போகலை. நல்ல தொடக்கம். ஆனால் உயிரோடு எங்கேயோ இருக்கிறார் என்று அவள் வைத்துக்கொண்டிருக்கிறாளே, அந்த ஒன்றையும் அது பிடுங்கிவிடும். அப்படியானால் மூன்றாவது நடையிலிருந்து தொடங்கலாமா. அதில் மேஜர் வருகிறார், துரையைக் காப்பாற்றப் போய்ச் செத்தார் என்று ஊர் சொல்லிக்கொள்ளும், ஊருக்கு அது பிடிக்கும், அவளுக்குப் பிடிக்குமா. பூட்ஸ் கயிறு கட்டியதைச் சொல்லலாம். தலைப்பாகைத் துணியைச் சொல்லலாம். எதை எடுத்தாலும் அதற்கு முன்னால் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது, எத்தனை தடவை ஒதுக்கினாலும் முன்னால் வந்து நின்றது. பங்காருப்பேட்டை தாண்டி வெயில் சாயத் தொடங்கியபோது அதை ஒதுக்குவதை விட்டுவிட்டார். வாசலில் நின்று, அவள் உட்காரச் சொல்வதற்கு முன்னால், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால், முக்கியமாக அவள் கும்பிடுவதற்கு முன்னால் சொல்லிவிடவேண்டும். அம்மா, அன்னைக்கு ஆபீஸ்ல நான் அங்க இல்லைன்னு சொன்னேன். இருந்தேன்.